சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் சொக்லேற்

1

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கலைவிழாவுக்குப் போய்வந்தேன். உவனுக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம் என்று நம்மூர்ப் பாசையூரில் சிரிக்கிறவர்கள் முதலில் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன். இருபத்தாறு வருடமாக மொன்ட்ரியாலில் ஒரு குளிரூட்டிய கிடங்கில் உறைந்த மீனும் உறைந்த உருளைக்கிழங்கும் அடுக்குகிறவன் நான். அடுக்குவதில் என்னை மிஞ்ச அங்கே ஆளில்லை. அதுதான் அன்றைக்கு வினையாகப் போனது.

இந்த ஊரில் வெயில் கொஞ்சக் காலம்தான். அந்தக் கொஞ்சக் காலத்துக்குள் வீட்டுக்குள் இருப்பவனை ஏதோ குற்றம் செய்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். ஆகவே எந்தப் பார்க்கைப் பார்த்தாலும் ஒரு விழா. இந்த விழா இல்-பிசாரில், ஆற்றங்கரையில். இல்-பிசார் ஒரு தீவு. பஸ் அருமை, வீடுகள் தனித்தனி, நாய்க்கும் தனியறை இருக்கும்போல. நாங்கள் இருக்கிற கார்ட்டியர்வில்லில் இருந்து காரில் கொஞ்சத் தூரம்தான், ஆனால் பாலத்தைக் கடந்ததும் கறிவாசம் நின்றுவிடும்.

பூசை முடிந்த கையோடு போனோம். மனைவி றெஜினா காஞ்சிபுரச் சேலையில், நான் நீளக்கைச் சட்டையில். அங்கே வந்திருந்த சனமோ உடுப்புப் போட்டதும் போடாததுமாகப் புல்லில் கிடந்தது. எங்களைக் கண்ட இரண்டு பேர் எந்த நிகழ்ச்சியில் வருகிறோம் என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

2

ஏன் போனோம் என்பதைச் சொல்லவேண்டும். சொல்ல வெட்கம்தான்.

அனிற்றா எங்கள் ஒரே மகள். மருந்தாளர் படிப்புப் படிக்கிறாள் என்று உங்கள் எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். சொன்ன நாளிலிருந்து என் போனுக்கு ஓய்வில்லை. மாத்திரை அட்டைகளைப் படம் பிடித்து அனுப்புகிறீர்கள். "தம்பி, இந்தச் சிவப்பை அந்த வெள்ளையோட போடலாமோ, பிள்ளையிட்டைக் கேட்டுச் சொல்லு." ஒரு மாமி பசுமாட்டுக்குக் கொடுத்த மருந்தையும் படம் எடுத்து அனுப்பினார். எல்லாவற்றுக்கும் பதில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அனிற்றா போன மாரியோடு அந்தப் படிப்பை விட்டுவிட்டாள்.

கலை படிக்கிறாளாம். படம் கீறுவது என்றாலும் ஒரு மாதிரிச் சமாளிக்கலாம், மாதா படம் கீறினாள் என்று கோயிலில் மாட்டிவிடலாம். இவள் செய்வது வேறு. சாமான்களைக் கொண்டுவந்து ஓரிடத்தில் வைப்பாள். வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். அவ்வளவுதான் கலை.

"சாமான் வைக்கிறதுக்கு என்னத்துக்குப் பிள்ளை படிக்கோணும்? நான் படிக்காமலே வைக்கிறன்" என்றேன்.

"நீங்கள் வைச்சா ஒருத்தரும் நிண்டு பாக்கமாட்டினம் அப்பா" என்றாள்.

மூன்று மாதம் நான் அவளோடு கதைக்கவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டோம், உப்பு வேண்டுமென்றால் தாயிடம் கேட்பேன். கடைசியில் றெஜினாவுக்கு உப்பு எடுத்துக் கொடுத்தே அலுத்துப்போய், எங்கள் இருவரையும் இருத்தி ஓர் உடன்பாடு செய்தாள். இந்த விழாவில் நடுவர் மூன்று பேர் வந்து ஒரு படைப்பைத் தெரிவுசெய்வார்கள். தெரிவானது இலையுதிர்காலத்தில் நகரத்து மண்டபம் ஒன்றில் வைக்கப்படும். அனிற்றாவைத் தெரிவுசெய்தால் நான் வாய் திறப்பதில்லை. தெரிவுசெய்யாவிட்டால் செப்டெம்பரில் அவள் மருந்துக்குத் திரும்பிப் போகவேண்டும். அப்பனும் மகளும் வெள்ளைக்காரரைப்போலக் கைகுலுக்கிக்கொண்டோம்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "நீங்கள் வரவேணும் அப்பா. வந்து பாருங்கோ. ஆனா ஒண்டையும் தொடாதையுங்கோ."

"நான் ஏன் தொடப்போறன்" என்றேன்.

3

கலைவிழா என்றால் எனக்குத் தெரிந்தது நம்முடையதுதான். மூன்று மணி என்று போட்டால் ஐந்துக்குத் தொடங்கும். விளக்கேற்ற ஒன்பது பேர். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று வகை பிரித்து, ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தி, போர்த்தியவருக்கும் ஒன்று போர்த்தி, ஆடவந்த பிள்ளைகள் ஒப்பனையோடு நித்திரையாகிப்போன பிறகுதான் நடனம். இங்கே இரண்டு மணி என்றால் இரண்டு மணி. பேச்சில்லை, நன்றியுரையில்லை. சாப்பிடாமல் கைகழுவினமாதிரி இருந்தது எனக்கு.

ஒரு மரத்தின் கீழே கட்டில் போட்டு ஒரு மனிதர் படுத்திருந்தார். நல்ல நித்திரை. பக்கத்தில் இருந்த அட்டையில் படைப்பின் பெயர்: எதிர்ப்பு. சுற்றி நின்றவர்கள் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டார்கள். இந்த எதிர்ப்பை நான் ஒவ்வொரு ஞாயிறும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு செய்துவருகிறேன். றெஜினா ஒருநாளும் கைதட்டியதில்லை.

இன்னொரு மரத்தில் பழைய சைக்கிள்களை ஒன்றோடொன்று பொருத்தித் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து மணியடிக்கும். "பெல் நல்லாத்தான் இருக்கு" என்றாள் றெஜினா, சந்தையில் கத்தரிக்காய் பார்க்கிற குரலில். ஊரில் ஒருவன் சைக்கிளை மரத்தில் தொங்கவிட்டால் அடுத்தநாள் மரம்தான் மிஞ்சும். இங்கே அதைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். நாங்களும் நின்றோம்.

4

அனிற்றாவின் இடம் ஆற்றோரம். நாலு கம்பு, சுற்றிவர வெள்ளைக் கயிறு, நடுவில் ஒரு பெட்டி. அனிற்றாவைக் காணவில்லை. ஏதோ கையெழுத்துப் போட நடுவர்களின் கூடாரத்துக்குப் போயிருக்கிறாள் என்று செம்மஞ்சள் மேலங்கி போட்ட தொண்டர்பிள்ளை ஒன்று சொன்னது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். அது என் பெட்டி.

பெட்டி என்றால் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. இங்கிருந்து கப்பலில் வரும், மாதக்கணக்கில் வரும். வந்ததும் திறந்துவிட்டு, "உந்தக் குளிக்கிற சவுக்காரம் இஞ்சையும் இருக்கே, இதையேன் காசு குடுத்து அனுப்பினனி" என்பீர்கள். பெட்டி வருவதுதான் உங்களுக்குத் தெரியும், கட்டுவது தெரியாது. அடியில் துவாய். மூலைகளில் பால்மாத் தகரப் பேணி. சட்டிக்குள் காலுறை, காலுறைக்குள் தைலப்போத்தல். சவர்க்காரமும் சொக்லேற்றும் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக்கூடாது, இருந்தால் சொக்லேற் முழுக்கச் சவர்க்கார வாசம் பிடித்துவிடும். ஒருதரம் அப்படி நடந்து, நீங்கள் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பேர் எழுதுவது. பேர் எழுதினால் பிறகு பெட்டியைத் திறப்பதில்லை. கண்ணாடியை வைக்க மறந்துபோனேன், மருந்தை வைக்க மறந்துபோனேன் என்று யார் குழறினாலும் திறப்பதில்லை. இது எங்கள் வீட்டுச் சட்டம், நான் போட்டது.

இந்தப் பெட்டி என் அண்ணைக்குக் கட்டியது. கலியாணம் கட்டாத மனிதர், தனியாள், கடல்தொழில். நைலோன் நூல், நெற்றியில் கட்டுகிற லைற், முழங்காலுக்குத் தைலம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொக்லேற் என்று கேட்டிருந்தார். முக்கால்வாசி நிரம்பியிருந்தபோது அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அன்றைக்கே போய்விட்டார். அடக்கத்தைக் கிடங்கின் சாப்பாட்டு அறையில் இருந்து போனில் பார்த்தேன், ஒருவர் பக்கத்தில் நூடில்ஸ் சூடாக்கிக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாகப் பெட்டி எங்கள் நிலக்கீழ் அறையில் திறந்தபடியே கிடந்தது. மூடவும் மனமில்லை, பிரிக்கவும் மனமில்லை. றெஜினா அதைச் சுற்றித்தான் கூட்டுவாள்.

அதைத்தான் என் மகள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிவந்து, சனம் பார்க்க வெயிலில் வைத்திருந்தாள். பக்கத்தில் பிரெஞ்சில் ஒரு அட்டை: காத்திருக்கும் பொதி. எனக்கு உச்சந்தலை கொதித்தது. அண்ணையின் தைலத்தை அரைக்காற்சட்டை போட்ட ஒருவன் குனிந்து பார்த்துத் தலையாட்டுகிறான்.

"பொறுங்கோ. பிள்ளை வரட்டும்" என்று றெஜினா என் கையைப் பிடித்தாள்.

பொறுத்திருப்பேன். பெட்டிக்குள் எட்டிப் பார்த்திராவிட்டால் பொறுத்துத்தான் இருப்பேன். அனிற்றா எல்லாவற்றையும் எடுத்து நிறவாரியாக அடுக்கியிருந்தாள். நீலத்தோடு நீலம், பச்சையோடு பச்சை. மஞ்சள் சவர்க்காரக் கட்டிகளோடு ஒட்டினபடி மஞ்சள் தாள் சுற்றிய சொக்லேற்.

5

அந்தச் சொக்லேற்றை இனி ஒருவரும் தின்னப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முடியவில்லை. கயிற்றுக்குக் கீழால் குனிந்து உள்ளே போய்விட்டேன்.

முதலில் சவர்க்காரத்தை மட்டும்தான் எடுத்தேன். எடுத்தால் அதை எங்கே வைப்பது? துவாயைத் தூக்கவேண்டும். துவாயைத் தூக்கினால் அடியில் பேணிகள் ஒரே பக்கம் பாரமாக இருக்கின்றன, இப்படிப் போனால் கொழும்பு வருவதற்குள் பெட்டி வெடிக்கும். கிடங்கில் இப்படி அடுக்கினவனை நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றையும் புல்லில் இறக்கி முதலில் இருந்து தொடங்கினேன்.

தொண்டர்பிள்ளை ஓடிவந்தது. "மெசியூ, மெசியூ!" ஐயா தொடக்கூடாது என்று பிரெஞ்சில் வேகமாகச் சொன்னது. எனக்கு அவசரத்துக்கு வந்த பிரெஞ்சு ஒன்றுதான்: "நான் தகப்பன்." பிள்ளை தன் கோப்பைத் திறந்து நிகழ்ச்சிநிரலில் தகப்பனைத் தேடத் தொடங்கியது. இந்த நாட்டில் தாளில் இருந்தால் எதுவும் செய்யலாம், இல்லாவிட்டால் தும்மவும் முடியாது. அது தேடி முடிவதற்குள் நான் பாதி கட்டிவிட்டேன்.

சனம் கூடிவிட்டது. நித்திரைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட வந்துவிட்டார்கள். நான் காலுறைக்குள் போத்தலை விட்டபோது ஒரு அம்மா "ஆ" என்றார். என் காரில் மாற்றுச் சில்லு இல்லாமல் இருக்கலாம், பழுப்பு ஒட்டுநாடாவும் தடித்த பேனையும் எப்போதும் இருக்கும். றெஜினா முணுமுணுத்துக்கொண்டே போய் எடுத்துவந்தாள். மூடி பொருந்தவில்லை. வழக்கமாக என்ன செய்வோமோ அதைச் செய்தோம்.

"றெஜி, ஏறி இரும்."

"இத்தினை சனத்துக்கு முன்னாலயோ?"

"இரும் எண்டுறன்."

காஞ்சிபுரச் சேலையைக் கொய்து பிடித்துக்கொண்டு பெட்டியின் மேல் ஏறி இருந்தாள். இருபது வருடமாக எங்கள் எல்லாப் பெட்டிகளையும் அமுக்கியது அவள்தான். நாடா நீளப்பாட்டில் மூன்று சுற்று, குறுக்கே இரண்டு சுற்று. சனம் கைதட்டியது. றெஜினா எழும்பி நின்று, பூசையில் வாசகம் வாசித்து முடித்தவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பேனையை எடுத்தேன். கை தானாக எழுதியது. அண்ணையின் பேர். ஒழுங்கை. பாசையூர். யாழ்ப்பாணம். அதற்குக் கீழே தொலைபேசி எண் எழுதவேண்டும், எண் இல்லாத பெட்டியைக் கப்பல்காரர் எடுக்கமாட்டார்கள். அந்த எண் எனக்கு மனப்பாடம். எடுக்க ஆளில்லை. அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

தொப்பி போட்ட ஒரு அம்மா கயிற்றுக்கு வெளியே நின்று, இது யாருக்கு என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன். எப்போது கிடைக்கும் என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வெள்ளைக்காரருக்கும் முன்னால் நீளக்கைச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அதற்கும் யாரோ கைதட்டினார்கள்.

6

அனிற்றா நடுவர்களோடு வந்தபோது நான் இன்னும் பேனையோடு நிற்கிறேன். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்பா. என்ன செய்தனீங்கள்?"

"சவுக்காரத்துக்குப் பக்கத்தில சொக்லேற் வைச்சிருந்தனி."



"இஞ்சேருங்கோ, உள்ளதைச் சொல்லுங்கோ. செப்டெம்பருக்காகத்தானே செய்தனீங்கள்?" என்று றெஜினா என் காதுக்குள் கேட்டாள். "மாதா அறியச் சொல்லுறன், இல்லை" என்றேன். உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். கடைசிச் சுற்றுச் சுற்றும்போது செப்டெம்பர் ஒருதரம் ஞாபகத்துக்கு வந்தது. வந்தும் நான் கையை நிறுத்தவில்லை.

நடுவர்களில் மூத்தவர், கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண், கோப்பைப் புரட்டினார். விண்ணப்பத்தில் திறந்த பெட்டி என்று இருக்கிறது. இது மூடிய பெட்டி. மூடிய பெட்டி என்றால் வேறு படைப்பு. வேறு படைப்பென்றால் மாற்றப் படிவம் முன்கூட்டியே நிரப்பியிருக்கவேண்டும். நித்திரைகொள்கிறவரும் படிவம் நிரப்பித்தான் நித்திரைகொள்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் அந்த அம்மா நல்லவர். இதைத் திறக்க முடியுமா, பத்து நிமிடத்தில் திரும்பி வருகிறோம் என்று அனிற்றாவிடம் கேட்டார்.

என் காற்சட்டைப் பையில் கிடங்குக் கத்தி இருந்தது. எடுத்து அவளிடம் நீட்டினேன். "வெட்டு பிள்ளை. நாடாவை மட்டும் வெட்டு, ரெண்டு நிமிச வேலை. நான் எல்லாத்தையும் இருந்தமாதிரி வைச்சுத் தாறன்."

கத்தியை வாங்கினாள். பெட்டிக்கு முன்னால் முழந்தாளில் இருந்தாள். மூடியில் நான் எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளிக்கூடத்துக்கு அவளை அழ அழ இழுத்துக்கொண்டு போனவன் நான். வாசித்து முடித்துக் கத்தியை மடக்கினாள்.

"பெரியப்பான்ர பேர் எழுதியாச்சு" என்றாள். "எழுதினாப் பேந்து திறக்கிறேல்லை."

நடுவர்ப் பக்கம் திரும்பி, "நோன், மதாம்", முடியாது அம்மா, என்றாள். அவர்கள் கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டு மணியடிக்கிற சைக்கிள்களைப் பார்க்கப் போனார்கள். ஐந்து மணிக்கு அறிவித்தார்கள். சைக்கிள்தான்.

7

திரும்பி வரும்போது அனிற்றா பின்சீற்றில், பக்கத்தில் பெட்டி. பாலத்தில் வாகன நெரிசல். நான் வென்றுவிட்டேன், அதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

"படிப்பை விடப்போறன் எண்டு நான் முதல் சொன்னது பெரியப்பாட்டை" என்றாள் திடீரென்று.

"எப்ப?"

"நீங்கள் இந்தப் பெட்டி கட்டத் தொடங்கேக்க."

"அண்ணை எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே."

"'பொறு பிள்ளை, பெட்டி வந்து சேரட்டும். வந்ததோ எண்டு கேக்கக் கொப்பன் போன் எடுப்பான், அண்டைக்கு அவன் நல்ல குஷியில இருப்பான். அப்ப நான் கதைக்கிறன்' எண்டவர்."

றெஜினா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெட்டி வந்து சேர்ந்ததா என்று கேட்கும் நாளில் நான் குஷியாக இருப்பேன் என்பது எனக்கே தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. முன்கார் நகர்ந்ததுகூடத் தெரியாமல் நின்றேன், பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"கைகுலுக்கினது குலுக்கினதுதானே அப்பா" என்றாள். "செப்டெம்பர் போறன்."

"ஒருத்தரும் போகவேண்டாம்" என்றேன். "அந்த மூண்டு பேரும் சீவியத்தில ஒரு பெட்டி கட்டினதில்லை. அவையின்ர தீர்ப்புச் செல்லாது."

கண்ணாடியில் பின்சீற்றைப் பார்த்தேன். கையைப் பெட்டியின் மேல் வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

8

பெட்டி இந்தக் கிழமை கப்பலுக்குப் போகிறது. தொலைபேசி எண் இருக்கவேண்டிய இடத்தில் கோயில் அலுவலகத்தின் எண்ணை எழுதியிருக்கிறேன். யாராவது போய் எடுங்கள். நைலோன் நூலும் லைற்றும் கடலுக்குப் போகிறவர்களுக்கு. தைலம் முழங்கால் நோகிறவர்களுக்கு. சொக்லேற்றைத் தயவுசெய்து தின்னவேண்டாம், பிள்ளைகளுக்கும் கொடுக்கவேண்டாம், காலம் கடந்துவிட்டது. எடுத்துவிட்டு அனுப்பலாமே என்று கேட்பீர்கள். பேர் எழுதியாகிவிட்டது.

இன்னொன்று. பெட்டி வந்ததும் அண்ணை எனக்குச் சொல்ல இருந்ததை, பெட்டி வருவதற்கு முன்னால் நானே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அனிற்றா மருந்து படிக்கவில்லை. சாமான்களை ஓரிடத்தில் வைக்கிறாள், சனம் நின்று பார்க்கிறது, நானும் நின்று பார்த்தேன். ஆகவே இனி மாத்திரைப் படங்களை அனுப்பாதீர்கள், டொக்டரிடம் போங்கள். போன மாரியிலிருந்து உங்களுக்குப் பதில் எழுதியது நான்தான்.